கடல் தேங்காயின் தாய்வீடு

தூத்துக்குடியில் ஒரு நாட்டு மருந்துக் கடை. கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடம், "கடல் தேங்காய் இருக்கா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்காமலே, "சூட்டுக்கா, இருமலுக்கா?" என்றார். இரண்டும் இல்லை, பார்க்கத்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "இருமலுக்கு" என்றேன். ஒரு டப்பாவைத் திறந்து, காய்ந்த சீவல்கள் கொஞ்சம் எடுத்து, எடை போட்டுத் தாளில் மடித்துத் தந்தார். மாட்டுக் கொம்பைச் சீவினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தேன், கீறலே விழவில்லை.

"இது எங்கேருந்து வருது அண்ணாச்சி?"

"பேர்லயே இருக்கே தம்பி. கடல்லேருந்துதான்."

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அண்ணாச்சி சொன்ன பதிலை உலகத்தின் பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் சில நூறு வருடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மாலத்தீவின் கரைகளில் எப்போதாவது ஒரு காய் ஒதுங்கும். இரண்டு தேங்காய்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவைத்தாற்போல் இருக்கும். ஒரு பெண்ணின் இடுப்பு மாதிரியும் இருக்கும். இந்த உருவம்தான் அதன் மீது ஏறிய கதைகளுக்கெல்லாம் பாதிக் காரணம். அதைப் பற்றிப் போதுமான அளவுக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். எந்தத் தீவிலும் இந்தக் காய் காய்க்கிற மரத்தை யாரும் பார்த்ததில்லை. ஆகவே மரம் கடலுக்குள் இருக்கிறது என்று முடிவுகட்டினார்கள். 1563-ல் கோவாவில் மருந்துச் சரக்குகளைப் பற்றிப் புத்தகம் போட்ட போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்டாவும் இந்தக் காயைப் பற்றி எழுதியிருக்கிறார். மாலத்தீவு ஒரு காலத்தில் பெருநிலமாக இருந்து மூழ்கியது, அப்போது மூழ்கிய மரங்களின் காய்கள் இவை என்ற பேச்சைப் பதிவுசெய்கிறார். அம்போன் தீவில் வாழ்ந்த ரும்பியஸ், அந்தக் காலத்தின் மிகப் பெரிய தாவர அறிஞர்களில் ஒருவர். அவரும் இது கடலில் விளைவது என்றே நம்பினார்.

1602-ல் மாலத்தீவில் கப்பல் உடைந்து, ஐந்து வருடம் அங்கே சிக்கிக்கொண்டவன் பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரன். கரையில் ஒதுங்கும் ஒவ்வொரு காயும் ராஜாவுக்குச் சொந்தம் என்று அவன் எழுதியிருக்கிறான். யாராவது திடீரென்று பணக்காரன் ஆகிவிட்டால், "கடல் தேங்காய் கிடைச்சிருக்கும்" என்று ஊர் பேசுமாம். நம் ஊரில் புதையல் கிடைத்தது என்று சொல்வோமே, அதே பேச்சு.

அதே 1602-ல் பிராக் நகரில், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காக ஆன்டன் ஷ்வைன்பெர்கர் என்ற பொற்கொல்லர் ஒரு பாதிக் காயை வைத்து வெள்ளிக் கெண்டி ஒன்று செய்து கொடுத்தார். அது இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு காய்க்கு அந்தப் பேரரசர் 4000 பொன் நாணயம் தருவதாகச் சொல்லியும் கிடைக்கவில்லை என்பார்கள். விஷமுறிவு என்று ஐரோப்பா நம்பியது. பாரசீகத்திலும் நம் பக்கத்திலும் பக்கீர்கள் இதன் ஓட்டைக் கப்பரையாக்கிக் கையில் ஏந்தினார்கள். பேரரசர் விருந்து மேசையில் வைத்ததும் பக்கீர் பிச்சை வாங்கியதும் ஒரே காயின் ஓட்டில்தான்.

இந்தக் கதை 1768-ல் முடிந்தது. மொரிஷியஸிலிருந்து மரியோன் துஃப்ரேன் அனுப்பிய பிரெஞ்சுக் கப்பல்கள் சேஷெல்ஸ் தீவுகளை அளக்க வந்தன. பிராலின் என்ற தீவில் இறங்கிய பாரே என்ற அளவையாளர் தரையில் கிடந்த ஒரு காயை எடுத்தார், பிறகு அண்ணாந்து பார்த்தார். காடு முழுக்க அதே மரம். மறு வருடமே ஒரு கப்பல் நிறையக் காய்களை ஏற்றி இந்தியாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். விலை சரிந்தது. ராஜாவின் சொத்து சந்தைச் சரக்கானதற்கு ஒரே ஒரு கப்பல் போதுமாக இருந்தது.

ஆனாலும் பிழையான முகவரி பெயரில் ஒட்டிக்கொண்டது. தாவரவியலில் இதன் பெயர் லோடோய்சியா மால்டிவிகா. மாலத்தீவில் இந்த மரம் ஒன்றுகூட இயற்கையாக இருந்ததில்லை. மாலத்தீவில் ஒதுங்கியதெல்லாம் செத்த காய்தான். உயிருள்ள காய் தண்ணீரில் மிதக்காது, அவ்வளவு கனம். உள்ளே அழுகிக் கூடான பிறகுதான் மிதக்கும், அதற்கு அப்புறம் அது முளைக்காது. நம் தேங்காய் கடல் கடந்து போய்ப் புதுக் கரையில் முளைக்கும். கடல் தேங்காய் என்று பெயர் வாங்கிய இதுவோ கடலில் கால் வைத்தால் செத்தது. ஆகவேதான் உலகத்திலேயே பிராலினிலும், ஒரு கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கும் கியூரியூஸ் தீவிலும் மட்டும் இது காடாக நிற்கிறது. பக்கத்துக் குட்டித் தீவுகள் மூன்றிலும் முன்பு இருந்தது. பிறகு அழிந்துபோனது.

நான் பிராலின் போனதில்லை. போகிற வசதியும் இல்லை. ஆனால் இந்த மரத்தின் படங்களைப் பார்த்தபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவே இல்லை. விசிறி ஓலை, கருத்த நெடுமரம், ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கள் ஆச்சி ஊர் உடன்குடிப் பக்கம், தேரிக்காடு. இதை நான் அங்கே பார்த்திருக்கிறேன் என்று மனசு சொன்னது. தாவரவியலும் அதையேதான் சொல்கிறது. கடல் தேங்காய் தென்னைக்குத் தூரத்து உறவு, பனைக்கு நெருங்கிய உறவு. பனைக் கூட்டத்திலேயே வைக்கிறார்கள்.

முளைக்கிற விதமும் அப்படியே. பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் கொட்டையிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கிப் போய், தள்ளி நின்று செடி வரும். அதைத்தான் கிழங்கு என்று பிடுங்கி அவித்துத் தின்கிறோம். கொட்டையை வெட்டினால் உள்ளே தவுண். கடல் தேங்காயும் இதே வித்தைதான், அளவுதான் வேறு. தண்டு சில மீட்டர்கூடப் போகும். அந்தக் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க எச்சில் ஊறிக்கொண்டிருந்தேன். (சிங்கப்பூரில் கடல் தேங்காய் என்று ஐஸ் போட்டுக் கிண்ணத்தில் தருவது பெரும்பாலும் நம் நுங்குதான். பெயர்க் குழப்பம் இன்னும் தீரவில்லை.)

ஒரு பழம் 20 கிலோகூட வரும். உலகத்தின் மிகப் பெரிய விதை இதற்குள்தான் இருக்கிறது. பழம் முற்ற ஆறேழு வருடம் ஆகும். இயற்கைக் காட்டில் ஒரு கன்று வளர்ந்து பூப்பதற்கு ஐம்பது வருடம்கூட ஆகலாம். இப்படிப்பட்ட மரத்தின் காட்டைத்தான் வெட்டினார்கள், எரித்தார்கள், காய்களைப் பொறுக்கி விற்றார்கள். 1881-ல் அங்கே வந்த பிரிட்டிஷ் தளபதி கோர்டன், பிராலின் பள்ளத்தாக்குதான் பைபிளில் வரும் ஏதேன் தோட்டம் என்று கண்டுபிடித்தார். கனி எது என்று கேட்கத் தேவையில்லை. புனிதம் என்று சொன்னதால் ஒரு மரம்கூடக் காப்பாற்றப்படவில்லை. 1978-ல்தான் காய்களை எடுக்கவும் விற்கவும் தனிச் சட்டம் வந்தது. வலே த மே என்ற 19.5 ஹெக்டேர் காடு 1983-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடமானது. இன்று முதிர்ந்த மரங்கள் சுமார் 8000 இருக்கும். அரசு முத்திரை ஒட்டிய ஓடு சில நூறு யூரோவுக்குப் போகிறது. பருப்பைத் திருடி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆக, ராஜா, பேரரசர், கப்பல்காரன், அரசாங்கம் என எல்லோரும் இந்தக் காயிடம் கேட்டது ஒரே கேள்விதான்: நீ யாருக்குச் சொந்தம்? நீ யார் பெற்ற பிள்ளை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பதில் கண்டுபிடிக்க வழி இருந்திருக்காது. எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதம்தான்.

சூரிச்சில் ஆய்வு செய்த எம்மா மார்கனும் அவருடைய குழுவும், சேஷெல்ஸ் காட்டைப் பராமரிப்பவர்களுடன் சேர்ந்து, இரண்டு தீவுகளிலும் 1252 மரங்கள், கன்றுகளிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 2017-ல் முடிவுகள் வெளியாயின. அவர்கள் பயன்படுத்திய மரபணுக் குறியீடுகளை இப்படிப் புரிந்துகொள்ளலாம். டிஎன்ஏ என்பது நான்கே எழுத்தில் எழுதிய நீண்ட சுவடி. அதில் சில இடங்களில், திக்குவாய் மாதிரி, இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு மரத்தில் அந்தத் திக்கல் பத்துத் தடவை, இன்னொன்றில் பதினான்கு தடவை. இந்தத் திக்கல்களால் மரத்துக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு எண்ணிக்கை தாயிடமிருந்தும் ஒன்று தகப்பனிடமிருந்தும் வரும். பன்னிரண்டு இடங்களில் எண்ணிக்கையை ஒப்பிட்டால், இந்தக் கன்றுக்கு அந்த மரம் தாயாக இருக்க முடியுமா முடியாதா என்று சொல்லிவிடலாம். பசுங்கணிகத்தில் ஒரு குறியீட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் கலியாணம் பேசும்போது இரண்டு பக்கமும் பூர்வீகம் விசாரிப்பார்களே, அந்த மாதிரி விசாரணைதான். இங்கே பொய் சொல்ல ஆள் இல்லை.

ஒரு காய் தாய்மரத்தை விட்டு எவ்வளவு தூரம் போகிறது? சராசரியாக 8.7 மீட்டர்.

இந்த எண்ணைப் படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் வாசலிலிருந்து அளந்து பார்த்தேன். எதிர்வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது. மாலத்தீவுவரை மிதந்து போய், பேரரசரின் மேசைவரை ஏறிய ஒரு காயின் உயிருள்ள பயணம் அவ்வளவுதான். விழும், சரிவு இருந்தால் உருளும். செங்குத்தான சரிவில்தான் கொஞ்சம் தூரம் போகிறது. எடுத்துச் செல்லப் பறவையும் இல்லை, விலங்கும் இல்லை. 20 கிலோவை யார் தூக்குவது?

ஆக, தாயைச் சுற்றிப் பிள்ளைகள், பிள்ளைகளைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள். காட்டின் ஒவ்வொரு மூலையும் ஒரு குடும்பம். பக்கத்துப் பக்கத்து மரங்கள் நெருங்கிய சொந்தம் என்பது குறியீடுகளில் பளிச்சென்று தெரிந்தது. மகரந்தமும் பக்கத்திலிருந்தே வந்தால் சொந்தத்துக்குள்ளேயே கலியாணம். நாமாவது அத்தை மகன், மாமன் மகள் என்று ஒரு கோடு போட்டு நின்றுகொள்கிறோம், மரத்துக்கு அந்தக் கோடு கிடையாது. இப்படி உட்கலப்பு நடக்கிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

இது வெறும் குறைபாடு என்று நினைத்துவிடக் கூடாது. இந்த மரத்தின் ஓலை ஒரு பெரிய புனல். மழைத் தண்ணீரும் உதிரும் மகரந்தமும் பறவை எச்சமும் சருகுத்தூளும் மடிப்பு மடிப்பான ஓலையில் விழுந்து, மட்டை வழியாக இறங்கி அடிமரத்துக்கு வந்து சேரும். 2015-ல் வந்த ஒரு ஆய்வு, அடிமரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மண்ணில், இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதைவிடக் குறைந்தது 50 சதவீதம் அதிகமாக நைட்ரஜனும் பாஸ்பரசும் இருப்பதைக் காட்டியது. சத்தே இல்லாத கருங்கல் தீவில் தாய் தன் காலடியில் உரம் சேர்க்கிறாள். அந்த நிழலில், அந்த உரத்தில்தான் அவ்வளவு பெரிய விதையோடு பிறந்த பிள்ளை மெதுவாக வளர்கிறது. தூரமாகப் போகத் தேவையில்லாததால்தான் இவ்வளவு பெரிய காயே உண்டானது என்று சில ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே போகாத குடும்பம் ஒன்று பல லட்சம் வருடமாக அதற்கேற்ற வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வந்து நாம் காயைப் பொறுக்கினோம்.

இந்த இடத்தில்தான் குறியீடுகள் வெறும் ஆராய்ச்சியாக இல்லாமல் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய கருவியாகின்றன. பொறுக்கிய காயில் கொஞ்சத்தைத் திரும்ப நட்டால் போதும் என்பது எண்ணிக்கைக் கணக்கு. நூறு மரம் போனால் நூறு கன்று. ஆனால் அந்த நூறு கன்றும் கைக்கு எட்டிய இரண்டு மூன்று தாய்மரங்களின் காயாக இருந்தால்? கணக்கு சரியாக இருக்கும், காடு ஒரே குடும்பமாகிவிடும். ஒரு நோய் வந்தால் எல்லாமே ஒன்றாகப் படுக்கும். அதனால் பல தாய்மரங்களிலிருந்து காய் எடுக்க வேண்டும், கலந்து நட வேண்டும். காய் தானாகப் போக முடியாத தூரத்துக்கு மனுசன்தான் தூக்கிப் போக வேண்டும். இருநூற்றைம்பது வருடமாகத் தூக்கிக்கொண்டுதான் போகிறோம், தவறான திசையில்.

2020-ல் அதே குழு இன்னொரு விசாரணையை முடித்தது. இது எங்கள் சித்தப்பாவுக்கு நேராகப் புரியக்கூடிய விஷயம். சித்தப்பா இளவட்டமாக இருந்தபோது கிணற்று மேட்டில் வரிசையாகப் பனங்கொட்டை போட்டிருக்கிறார். நுங்கு தின்னலாம் என்று காத்திருந்து, பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அலகுப்பனை. "பாளை விடுற வரைக்கும் ஆணா பொண்ணான்னு நட்டவனுக்கே தெரியாதுல" என்பார் இப்போதும். ஆண் பனையிலும் பதநீர் இறக்கலாம், நுங்கு மட்டும் கிடைக்காது.

கடல் தேங்காயிலும் இதே கண்ணாமூச்சி, இங்கே காத்திருப்பு ஐம்பது வருடம்வரை. காட்டில் பல இடங்களில் ஆண் மரமும் பெண் மரமும் சமமாக இல்லை. பிறக்கும்போதே அப்படியா, இல்லை வளர்கிற வழியில் ஒரு பக்கம் அதிகமாகச் சாகிறதா? பெரிய மரங்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதற்கு என்றைக்கும் பதில் கிடைக்காது. ஆண் மரத்தில் மட்டும் தெரியும் இரண்டு டிஎன்ஏ அடையாளங்களைக் கண்டுபிடித்து, இன்னும் பூக்காத 589 செடிகளில் சோதித்தார்கள். பாதிக்குப் பாதி வந்தது. நம்மைப் போலவே தகப்பன் பக்கம்தான் பாலினத்தை முடிவுசெய்கிறது என்று தெரிகிறது. அப்படியானால் காடு ஒரு பக்கம் சாய்ந்தது பிறப்பினால் இல்லை. பிறகு நடந்தது ஏதோ, அதில் மனிதன் செய்ததும் இருக்கலாம்.

இந்தச் சோதனை இல்லாத காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹௌராவில் இருக்கும் தாவரவியல் பூங்காவில் 1894-ல் ஒரு கடல் தேங்காயை நட்டார்கள். அது பூக்க 94 வருடம் எடுத்துக்கொண்டது. நட்டவர்கள் போய்ச் சேர்ந்து, வெள்ளைக்காரர்கள் போய், இரண்டு உலகப்போர் முடிந்து, அதற்குப் பிறகுதான் அது பெண் என்று தெரிந்தது. பூத்தும் என்ன செய்ய, சுற்றுவட்டாரத்தில் ஆண் இல்லை. கடைசியில் தாய்லாந்திலிருந்து மகரந்தம் தருவித்துக் கையால் தூவினார்கள், காய் பிடித்தது.

தூத்துக்குடியில் வாங்கிய சீவல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அது பிராலினில் விளைந்ததா, ஏதாவது பனையின் பருப்பைக் காயவைத்ததா என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. டிஎன்ஏ பார்த்தால் சொல்லலாம். விலையை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான். போலியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். குளத்துக்கரையில் பனங்கொட்டை நட இளைஞர்கள் கூடியிருந்தார்கள். சித்தப்பா வண்டியில் மூன்று சாக்கு கொட்டை கொண்டுவந்து இறக்கினார். எல்லாம் எங்கே பொறுக்கியது என்று கேட்டேன்.

"நம்ம கிணத்து மேட்டுலதான். ரெண்டு பருவப்பனை என்னமா உதுத்திருக்கு தெரியுமா."

நான் பிராலின் கதையைச் சொன்னேன், எட்டே முக்கால் மீட்டரைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சாக்கைத் தூக்கித் திரும்ப வண்டியில் போட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் இரண்டு சாக்கைக் கரையில் வைத்துவிட்டு, மூன்றாவதை மட்டும் வண்டியிலேயே விட்டார்.

"இத பக்கத்தூர்க்காரனுக்குக் குடுத்துட்டு, அவன்கிட்ட ஒரு சாக்கு வாங்கிட்டு வாரேன். நீ குழி தோண்டு."